கிராம்புக் காம்பும் வெளியே ஓடிய நீரும்: தடிக்காரன்கோணம் பக்கம் ஓர் எண்ணெய் வடிப்பு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தில் மாறாமலை, கரும்பாறை போன்ற மேட்டுத் தோட்டங்கள் கிராம்புக்குப் பெயர் பெற்றவை. கன்னியாகுமரி கிராம்புக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மார்கழிக் கடைசியில் தொடங்கி பங்குனி வரை அறுவடை நடக்கும். மொட்டு விரிவதற்கு முன், பச்சை மாறி இளஞ்சிவப்பு ஏறும் நேரத்தில் கொத்தோடு பறிப்பார்கள். அன்று மாலையே பெண்கள் களத்தில் உட்கார்ந்து மொட்டு வேறு, காம்பு வேறு என்று பிரிப்பார்கள். நல்ல வெயிலில் நான்கைந்து நாள் உலர்ந்ததும் மொட்டு பழுப்புக் கறுப்பாகி, எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும். அதுதான் கடைக்குப் போகும் கிராம்பு.

காம்புக்கு அந்த மரியாதை கிடையாது. இந்த ஆய்வில் வரும் தோட்டங்களில் அது களத்து மூலையில் குவிந்து கிடக்கும். சில ஆண்டுகளில் ஒரு வியாபாரி வந்து சாக்குக் கணக்கில் அடிமாட்டு விலைக்கு அள்ளிப் போவார். வராத ஆண்டில் அது மரத்தடிக்கோ அடுப்புக்கோ போகும். ஆனால் உலர்ந்த மொட்டில் 15 முதல் 20 விழுக்காடு வரை எண்ணெய் இருக்கிறதென்றால், காம்பிலும் 5, 6 விழுக்காடு இருக்கிறது. அதில் பெரும்பகுதி, கிராம்புக்கு மணம் தரும் யூஜினால் என்ற வேதிப்பொருள். பல் மருத்துவர் துத்தநாக ஆக்சைடோடு குழைத்துப் பல்லில் அடைக்கும் தற்காலிகப் பூச்சும், சோப்பு, வாசனைப் பொருள் தொழிலும் இதை நம்பியிருக்கின்றன.

தடிக்காரன்கோணம், கீரிப்பாறை பகுதியைச் சேர்ந்த சிறு தோட்டக்காரர்கள் சிலர் சேர்ந்து இந்தக் காம்பிலிருந்து எண்ணெய் எடுக்க முயன்றார்கள். ஆய்வகச் சோதனைகளைச் செய்துகொடுக்கக் கேட்டதால், நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் கற்பிக்கும் நான் இதில் சேர்ந்தேன். இரண்டு அறுவடைப் பருவங்களில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். மலைப்பயிர்க் கழிவிலிருந்து எதையாவது மீட்டெடுக்க நினைக்கும் வேறு குழுக்களுக்கு இது பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் வந்த யோசனை: தேயிலைக் கழிவு

குழுவில் இருந்த இளைஞர் ஒருவர் நீலகிரியில் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். அவர் கொண்டுவந்த யோசனை வேறு. தேயிலை சலிக்கும்போது ஒதுங்கும் நாரையும் தூசியையும் மலிவாக வாங்கி, அதிலிருந்து கஃபீன் எடுக்கலாம் என்றார். உலர்ந்த தேயிலையில் எடைக்கு 2 முதல் 4 விழுக்காடு வரை கஃபீன் உண்டு. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் துவர்ப்புப் பொருளான டானின்கள் பிடிபட்டு நிற்கும். கஃபீனைக் கரைப்பானில் பிரித்தெடுத்துப் படிகமாக்கலாம். தொழிற்சாலைகள் நெடுங்காலமாகச் செய்துவரும் முறை அது.

அதைக் கைவிட்டதற்கு மூன்று காரணங்கள். தேயிலைக் கழிவை வாங்கவும் விற்கவும் சேமித்து வைக்கவும் 1959ஆம் ஆண்டின் தேயிலைக் கழிவுக் கட்டுப்பாட்டு ஆணைப்படி தேயிலை வாரியத்தின் உரிமம் வேண்டும். கழிவு மறுபடி தேயிலையாகி டீக்கடைக்குப் போய்விடக் கூடாது என்பதற்காக வந்த ஆணை அது. கழிவில் சுண்ணாம்போ சாணமோ கலந்து, குடிக்க உதவாதபடி ஆக்கிவிடும் வழக்கமும் அதற்காகத்தான். அடுத்தது கரைப்பான். டைக்குளோரோமீத்தேன் போன்றதைக் காற்றோட்டமும் மீட்புக் கருவியும் இல்லாத தகரக் கொட்டகையில் கையாளச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதைத் தெளிவாகவே சொன்னேன். மூன்றாவது தூரம். மூணாறிலிருந்தோ வால்பாறையிலிருந்தோ லாரி வாடகை கொடுத்துக் கழிவைக் கொண்டுவந்து, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு எடுப்பது எங்கே கட்டுப்படியாகும்?

கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “நம்ம களத்துல கெடக்கதை விட்டுட்டு மூணாறு குப்பைக்கு ஏன் போணும்?” என்று கேட்டார். பேச்சு அங்கிருந்து காம்புக்குத் திரும்பியது. காம்புக்குக் கரைப்பான் வேண்டாம்; நீராவி போதும். தேயிலை பற்றிப் பேசிய பொழுதும் வீண் போகவில்லை. அந்த ஆணையின் நியாயம் பின்னால் ஓர் இக்கட்டில் குழுவுக்குக் கைகொடுத்தது.

முதல் பருவம்: இரவல் வாலை

புதிய கருவி வாங்கப் பணம் இல்லை. புல்தைலம் வடித்துக்கொண்டிருந்த ஒருவரிடமிருந்து பழைய வாலை (வடிகலன்) ஒன்று இரவலாகக் கிடைத்தது. அடியில் தண்ணீர், அதற்கு மேல் துளையிட்ட தட்டு, தட்டின்மேல் சரக்கு, கீழே ரப்பர் விறகு அடுப்பு. ஆவி ஒரு குழாய் வழியாகப் போய், ஓடைநீர்த் தொட்டிக்குள் சுருண்டு கிடக்கும் குழாயில் குளிர்ந்து, எண்ணெயையும் நீரையும் பிடிக்கும் பாத்திரமான ஏனத்தில் சொட்டும்.

அடுப்பு மூட்டுவதற்கு முன் குழு ஒரு நல்ல காரியம் செய்தது. மலையடிவாரக் கொட்டகையில் ஆவிக்குழாயும் சுருளும் கண்டால் சாராயம் காய்ச்சுகிறார்கள் என்றுதான் ஊர் பேசும். அதனால் ஊராட்சிக்கும் காவல் நிலையத்துக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்திட்ட நகலைக் கொட்டகையில் தொங்கவிட்டார்கள். விசாரிக்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சின்ன வேலைதான்; ஆனால் இது இல்லாமல் யாரும் வாலை வைக்க வேண்டாம்.

கல்லூரி ஆய்வகத்தில் 50 கிராம் காம்பை இடித்து வடித்துப் பார்த்ததில் 2.7 மில்லிலிட்டர் எண்ணெய் கிடைத்தது. அந்தக் கணக்கில் 20 கிலோ காம்புக்கு ஒரு லிட்டருக்குச் சற்று மேல் வர வேண்டும். கொட்டகையில் 20 கிலோவை முழுக்காம்பாகவே போட்டு, எட்டு மணி நேரம் எரித்து எடுத்தது 70 மில்லிலிட்டர்.

காம்பு பழையது, நெருப்பு போதாது, விறகு ஈரம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பெரிய வாலை வாங்கினால் சரியாகும் என்று ஒருவர் வங்கிக் கடன் பற்றி விசாரிக்கவும் தொடங்கிவிட்டார்.

கருகிய சேம்பு

விடை கொட்டகைக்கு வெளியே இருந்தது. ஏனத்தின் அடிக்குழாயிலிருந்து வழியும் நீரை ஒரு சிறு சாலில் (வாய்க்காலில்) விட்டிருந்தார்கள். அந்தச் சாலோரத்துச் சேம்பும் வாழைக்கன்றும் மட்டும் இலை பழுத்துக் கருகியிருந்ததைக் குழுவில் இருந்த ஒரு பெண் கவனித்தார். வெந்நீர் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆனால் சால் கொட்டகையிலிருந்து தள்ளி இருந்தது; அங்கே போய்ச் சேருவதற்குள் நீர் ஆறிவிடும். மண்ணைக் கையில் எடுத்தால் கிராம்பு வாசனை தூக்கியது. யூஜினால் இலையின் மேல்தோலைச் சிதைத்துச் செடியைப் பொசுக்கும். சில நாடுகளில் கிராம்பு எண்ணெயைக் களைக்கொல்லியாகவே தெளிக்கிறார்கள்.

அந்த நீரில் கொஞ்சத்தைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து இராத்திரி முழுக்க அசையாமல் வைக்கச் சொன்னேன். காலையில் பாட்டிலின் அடியில் பொன்னிறத்தில் ஓர் அடுக்கு படிந்திருந்தது.

புல்தைலம் நீரைவிட லேசானது. அது மேலே மிதக்கும். நீர் அடிக்குழாய் வழியாக வெளியேறும். இரவல் வாலையின் ஏனம் அதற்காகச் செய்தது. கிராம்புக் காம்பு எண்ணெயின் அடர்த்தியோ 1.05 அளவில் இருக்கும்; நீரில் மூழ்கும். எனவே அடிக்குழாய் எண்ணெயை ஒழுங்காக வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. கைக்கு வந்த 70 மில்லிலிட்டர், காற்றுக்குமிழியில் ஒட்டி மேலே நின்ற திவலைகள்தான். ஆய்வகத்தில் கனமான எண்ணெய்க்கென்றே செய்த கண்ணாடிக் கருவி இருந்ததால் அங்கே இந்தச் சிக்கல் தெரியவில்லை.

கடன் விண்ணப்பம் நிறுத்தப்பட்டது. இந்த முயற்சி முழுவதிலும் குழு எடுத்த ஆகச் சிறந்த முடிவாக நான் கருதுவது அதைத்தான். கருவியின் அளவைக் கூட்டியிருந்தால் அதே ஓட்டை வழியாக இன்னும் அதிக எண்ணெய் ஓடியிருக்கும்.

ஏனம், குளிர்ச்சி, திரும்பும் நீர்

நாகர்கோவிலில் ஒரு வெல்டிங் பட்டறையில் துருப்பிடிக்காத எஃகில் புதிய ஏனம் செய்தார்கள். அடி கூம்பு, அதன் நுனியில் எண்ணெய் எடுக்கும் குழாய். நீர் வெளியேற, பாதி உயரத்தில் தொடங்கி மேல்நோக்கி வளைந்த வேறொரு குழாய். உள்ளே விழும் நீர் நேராக வெளியே ஓடாமலிருக்க நடுவில் ஒரு தடுப்பு. அடுத்த 20 கிலோவில் 590 மில்லிலிட்டர் வந்தது.

மகிழ்ச்சிதான். ஆனாலும் ஆய்வகக் கணக்குக்குப் பாதியே தாண்டியிருந்தது. வெளியேறும் நீர் இன்னும் பால்போல் வெளுத்திருந்தது. பங்குனியில் ஓடை மெலிந்து சுருள் தொட்டியின் நீர் சூடேறியதால், சொட்டும் நீரும் வெந்நீராகவே ஏனத்துக்கு வந்தது. சூடு ஏற ஏற எண்ணெயின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிட வேகமாகக் குறையும். இரண்டுக்கும் இடையிலிருக்கும் சிறிய வேறுபாடும் சுருங்கி, நுண்திவலைகள் படியாமல் நீரோடு போய்விடும். இரண்டாவது தொட்டி ஒன்றை வைத்து, குழாயைத் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லாத அளவுக்குக் குளிர்வித்தார்கள். நீர் தெளிந்தது.

தெளிந்த நீரிலும் இழப்பு உண்டு என்பதை ஏற்க வைப்பதுதான் கடினமாக இருந்தது. யூஜினால் நீரில் ஓரளவு கரையும்: சாதாரண வெப்பநிலையில் லிட்டருக்கு சுமார் 2.4 கிராம். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். எட்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 100 லிட்டர் நீர் வெளியேறுகிறது; அதில் 240 கிராம் வரை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மொத்த எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு! கரும்பலகையில் இந்தக் கணக்கைப் போட்டதும், நீலகிரியிலிருந்து வந்த இளைஞர், “அப்ப அந்தத் தண்ணியவே திரும்ப உள்ள விடுவோமா சார்?” என்று கேட்டார். அதுதான் வழி. ஏற்கெனவே யூஜினாலைத் தாங்கி நிற்கும் நீர் மறுபடி ஆவியாகும்போது தன்னிடமிருப்பதையும் சேர்த்தே கொண்டுவரும்.

ஏனத்தின் நீரைத் திறப்பு வைத்த ஒரு புனல் வழியே வாலையின் அடிக்கு விட்டார்கள். புனலின் கால் வளைந்து நீர் தங்கி நிற்பதால் ஆவி அந்த வழியே தப்பாது. 20 கிலோவுக்கு 860 மில்லிலிட்டர். தண்ணீர்ச் செலவும் குறைந்தது. சாலோரத்தில் புதிதாக எதுவும் கருகவில்லை.

கடைசியாக மிஞ்சியது காம்பை இடிப்பது. பக்கத்து மாவு மில்லில் ஒரு முறை கொடுத்தார்கள். அடுத்து அரைத்தவர்களின் அரிசி மாவெல்லாம் கிராம்பு மணக்க, மில்காரர் இனி வர வேண்டாம் என்றுவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது. பழைய இடிப்பு எந்திரம் ஒன்றை வாங்கிச் சல்லடையைக் கழற்றிவிட்டு, ஒன்றிரண்டாக உடைத்தார்கள். மாவாக்கினால் சரக்கு இறுகி, ஆவி ஒரே இடத்தில் பொத்துக்கொண்டு போகும். முந்தின இரவே உடைத்து வைத்தாலும் வாசனை பறந்துவிடும். வாலையில் போடும் அன்று காலையில் உடைத்ததில் 940 மில்லிலிட்டர் கிடைத்தது. குழு அங்கே நிறுத்திக்கொண்டது. மிச்சத்துக்காக இன்னும் நான்கு மணி நேரம் விறகு எரிப்பது கட்டாது.

நிறமும் பாத்திரமும்

முதல் பருவத்து எண்ணெயைக் கேட்டு வந்தவர் முகம் சுளித்தார். அது கருஞ்சிவப்பாக, ஊதா கலந்து இருந்தது. யூஜினால் ஒரு பீனால்; இரும்பைத் தொட்டால் கறுக்கும். வாலையின் ஆவிக்குழாய் சாதாரண இரும்பு. இரண்டாம் பருவத்துக்கு முன் குழாயையும் சுருளையும் துருப்பிடிக்காத எஃகுக்கு மாற்றினார்கள். எண்ணெய் வெளிர் மஞ்சளாக வந்தது. மலிவான பிளாஸ்டிக் புனல் எண்ணெய் பட்டு இளகியதால், பழுப்புக் கண்ணாடி பாட்டில்களுக்கு மாறினார்கள். ஏனத்தைக் கழுவிய பெண் ஒருவருக்குக் கையில் தோல் சிவந்து உரிந்தது. அதன்பின் நைட்ரைல் கையுறை இல்லாமல் யாரும் எண்ணெயைத் தொடக் கூடாது என்று எழுதி ஒட்டினார்கள்.

அக்கம்பக்கத்தார் பல்வலிக்கு ஒரு சொட்டு கேட்டு வந்தார்கள். கொடுப்பதில்லை என்று குழு முடிவு செய்தது. பலருக்கு அது கல்நெஞ்சமாகப் பட்டிருக்கலாம். ஆனால் நீர்க்காத எண்ணெய் ஈறைப் புண்ணாக்கும்; சின்னக் குழந்தை ஒரு தேக்கரண்டி விழுங்கினாலே கல்லீரல் பாதிக்கப்படலாம். வீட்டு அலமாரியில் லேபிள் இல்லாத குப்பியில் இதை வைக்க இடம் கொடுக்காதது சரியான முடிவு.

யூஜினாலைத் தனியாகப் பிரிக்கலாமா

எண்ணெயை அப்படியே விற்பதா, யூஜினாலைத் தூய்மையாக்கி விற்பதா என்ற கேள்வி இரண்டாம் பருவத்தின் தொடக்கத்தில் வந்தது. முறை எளிது. நீர்த்த காஸ்டிக் சோடாக் கரைசலில் யூஜினால் உப்பாகிக் கரையும். எண்ணெயிலுள்ள கேரியோபிலின் போன்ற மற்றப் பொருள்கள் கரையாமல் மேலே நிற்கும். அதை நீக்கிவிட்டு அமிலம் சேர்த்தால் யூஜினால் திரும்பக் கிடைக்கும். ஆய்வகத்தில் செய்து காட்டினேன். பார்த்தவர்களுக்கு ஆசை வந்தது.

ஆனால் ஒவ்வொரு முறையும் வாளி வாளியாக உப்புக் கரைசல் மிஞ்சும். அதில் யூஜினாலும் கொஞ்சம் இருக்கும். கொட்டகைக்குக் கீழே ஓடும் ஓடையில் ஊர் குளிக்கிறது, மாடு குடிக்கிறது. சேம்பைக் கருக்கியது என்ன செய்யும் என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்திருந்தார்கள். இன்னொன்று, வாங்குபவர், எண்ணெயின் கூறுகளைப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பிரிகைச் சோதனையில் வரும் யூஜினால் அளவைப் பார்த்தே விலை வைக்கிறார். காம்பு எண்ணெயில் அது இயல்பாகவே அதிகம். தூய்மையாக்கி ஏற்றக்கூடிய விலை, கழிவுநீரைச் சுத்திகரிக்கும் செலவுக்கே பற்றாது. வேண்டாம் என்று முடிவானது.

இலை வடிப்பதையும் இதே கூட்டத்தில் ஒதுக்கினார்கள். இலையில் 2, 3 விழுக்காடு எண்ணெய் உண்டு. ஆனால் அதற்கு விலை வந்தால் மரத்திலிருந்தே உருவ ஆரம்பிப்பார்கள். அடுத்த பருவத்து மொட்டுக்கு அது கேடு.

வடித்த காம்புக்கு வந்த விலை

இரண்டாம் பருவத்தின் நடுவில் ஒரு வியாபாரி வந்தார். எண்ணெய் அவருக்கு வேண்டாம். வடித்து முடித்த காம்பு வேண்டும். உலர்த்திக் கொடுத்தால் கிலோவுக்கு நல்ல விலை என்றார். முன்பு வடிக்காத காம்புக்குக் கிடைத்ததைவிட அது அதிகம். எதற்கு என்று கேட்டதற்கு “மசாலாப் பொடிக்கு” என்றார். சத்துப் போன காம்பை அரைத்துக் கிராம்புப் பொடியில் கலப்பதற்குத்தான் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.

குழுவுக்குப் பணமுடை இருந்த நேரம். இரண்டு உறுப்பினர்கள், நாம் காம்பு என்று சொல்லித்தானே விற்கிறோம், அவர் என்ன செய்தால் நமக்கென்ன என்று வாதாடினார்கள். வாதம் சூடானபோது அந்த இளைஞர் தேயிலை ஆணையை நினைவூட்டினார். தேயிலையில் அரசு உரிமம் வைத்துச் செய்யும் காவலை இங்கே நாமே செய்தாக வேண்டும் என்றார். குறியீடு வாங்கிய கிராம்பின் பெயரைக் கெடுக்கும் கலப்படம், கிராம்பு விளைவிக்கிறவர் கொட்டகையிலிருந்தே புறப்படக் கூடாது என்பது அவர் பேச்சின் சாரம். பெரும்பான்மை அவர் பக்கம் நின்றது.

அன்றிலிருந்து, வாலையிலிருந்து இறக்கிய காம்பின்மேல் சூடு தணிவதற்குள் சாணக் கரைசலைத் தெளித்து உலர்த்துகிறார்கள். அதன்பின் அது அடுப்புக்கு மட்டுமே ஆகும். ரப்பர் விறகுச் செலவு கண்கூடாகக் குறைந்தது. காம்பு எண்ணெய் பாட்டிலில் கிராம்புக்கான புவிசார் குறியீட்டை ஒட்டுவதில்லை என்றும் அதே கூட்டத்தில் தீர்மானித்தார்கள்.

காம்பு பிரித்த கைகள்

காம்புக்கு விலை வந்ததும் அதுவரை யாரும் கேட்காத கேள்வி ஒன்று எழுந்தது. களத்தில் பிரிக்கும் பெண்களுக்குச் சுத்தமான மொட்டின் எடைக்குத்தான் கூலி. இப்போது காம்பையும் தூசி, இலை, குச்சி இல்லாமல் தனியே போடச் சொன்னார்கள். வேலை கூடியது, கூலி கூடவில்லை. மூத்த பெண்மணி ஒருவர் குழுத் தலைவரிடம் நேராகவே சொன்னார்: “அண்ணாச்சி, காம்புக்கு வெல வந்தா எங்க கைக்கும் வரணும்லா?”

முதல் பருவத்தில் இதைத் தள்ளிப்போட்டார்கள். விளைவு சரக்கில் தெரிந்தது: இலையும் மண்ணும் கலந்த காம்பு, சில சாக்குகளில் பூசணம். இரண்டாம் பருவத்தில் சுத்தமான காம்புக்குக் கிலோக் கணக்கில் தனிக்கூலி வைத்தார்கள். சாக்குகளின் தரம் உடனே மாறியது. இது முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது. குப்பை என்று பெயர் இருந்தவரை அதில் செலவான உழைப்பும் கணக்கில் வரவில்லை. எண்ணெய் விலையில் பங்கு கேட்க அந்தப் பெண்களுக்கு முழு நியாயம் இருந்தது.

இப்போதைய நிலை

இரண்டாம் பருவ எண்ணெய் முழுவதும் விற்றது. கூலி, விறகு, பாட்டில், சோதனைக் கட்டணம் போக மிச்சம் இருந்தது; ஏனத்துக்கும் எஃகுக் குழாய்க்கும் போட்ட பணத்தில் பாதிக்குமேல் திரும்பியது. இதை மட்டும் நம்பி ஒருவர் பிழைக்க முடியாது. களத்தில் வீணாகக் கிடந்ததிலிருந்து தோட்டக்காரருக்கும் பிரிப்பவருக்கும் ஒரு துணை வருமானம் என்ற அளவில் அது நிற்கிறது.

மறுபடி தொடங்குவதானால் மாற்ற வேண்டியவை

ஆய்வகச் சோதனைக்கு முன் வாலையைத் தேடியிருக்கக் கூடாது. எடுக்கப்போகும் எண்ணெய் மிதக்குமா மூழ்குமா என்பது தெரிந்த பிறகே ஏனத்தின் வடிவத்தை முடிவு செய்ய வேண்டும். எடைக் கணக்கையும் முதல் வடிப்பிலிருந்தே எழுதியிருக்கலாம்: போட்ட காம்பு, வந்த எண்ணெய், வெளியேறிய நீர், எரிந்த விறகு. நீரின் அளவைக் குறித்திருந்தால் கரைந்துபோன பங்கு முதல் பருவத்திலேயே தெரிந்திருக்கும்.

தீராமல் இருப்பது வடிப்புக்கான காலம். மாசியிலும் பங்குனியிலும் காம்பு புதிதாக இருக்கிறது. ஆனால் ஓடையில் நீர் இல்லை, குளிர்விக்க முடியவில்லை. ஆனியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் நீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் அதுவரை காம்பைப் பூசணம் பிடிக்காமலும் வாசனை போகாமலும் வைத்திருக்க வேண்டும். இந்த ஆண்டுச் சரக்கைப் பாதியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு பாதியை உடனே வடித்தாயிற்று. மறுபாதி நன்றாக உலர்த்தி, மூடி போட்ட தகர டின்களில் அடைத்து, தரையில் படாமல் பலகைமேல் இருக்கிறது. ஆனி பிறந்ததும் அதிலிருந்து 20 கிலோ எடுத்து, அதே நேரம், அதே நெருப்பில் வடித்து, 940 மில்லிலிட்டரோடு ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறோம்.